நீளத்தாள் கட்டு

உப்பாத்துப்பேட்டை நகராட்சியின் பழைய காகிதங்கள் அடைந்து கிடந்த பதிவறையை இனி நகராட்சி பார்க்காது, ஊர்க்காரர்கள் சேர்ந்த தனி அறக்கட்டளை ஒன்றே பார்த்துக்கொள்ளும் என்று உத்தரவு வந்தபோது, அதைத் தட்டச்சு செய்த தலைமை எழுத்தர், காவலாளி மாறினாலும் ஆணையர் மாறினாலும் பொறுப்பு ஒப்படைக்கிற எல்லா உத்தரவிலும் கடைசியாகப் போடுகிற வரியை, யோசிக்காமல், விரலின் பழக்கத்தில் இதிலும் போட்டுவிட்டார்: நிலுவையில் உள்ள யாவும் புதிய நிர்வாகத்தால் முடித்துவைக்கப்பட வேண்டும். கையெழுத்துப் போட்ட ஆணையர் அந்த வரியைப் படிக்கவில்லை, வாங்கிக்கொண்ட நாங்களும் படிக்கவில்லை, பதிவறை படித்துவிட்டது.

அது நகராட்சி அலுவலகத்துக்குப் பின்னால், பஜாருக்குத் திரும்பும் சந்தில், ஓட்டுக்கூரையும் ஒழுகலுமாகத் தனியே நிற்கிற கட்டடம். உள்ளே கூரையை முட்டுகிற மர அலமாரிகள், அலமாரிகளில் சிவப்புத் துணியில் பொதிந்த கட்டுகள். விளக்கு கேட்டும் வாய்க்கால் கேட்டும் பக்கத்து வீட்டுக்காரனைக் கண்டிக்கக் கேட்டும் ஊர் எழுதிய மனுக்களெல்லாம் 'பார்வையிடப்பட்டது, கட்டில் வைக்கவும்' என்ற குறிப்போடு அங்கே வந்து படுத்துக்கொண்டன. அவற்றைத் தேதி பார்த்துக் கட்டவில்லை. முன்னொரு காலத்து எழுத்தர் ஒருவர், பல அளவுத் தாள்களைக் கலந்து கட்டினால் கட்டு கோணிச் சரிகிறது என்று கண்டு, தபால் அட்டைகளைத் தனியாக, அரைத்தாள்களைத் தனியாக, முத்திரைத்தாள்களைத் தனியாக என்று அளவு பார்த்தே கட்டிவைத்தார், பின்னால் வந்தவர்களும் அப்படியே கட்டினார்கள், ஆகவே எந்த மனுவையும் யாராலும் தேடி எடுக்க முடியாது, கட்டுகள் மட்டும் செங்கல் அடுக்கியதுபோல் அழகாக நின்றன.

அறக்கட்டளைக்கு ஆள் கிடைக்கவில்லை. "கரையானுக்குத் தலைவரா இருக்கணும்னு எனக்கென்னவே தலையெழுத்து" என்று அரிசிமண்டிக்காரர் நழுவ, "எனக்குத் தூசி ஆகாது" என்று டாக்டரே நழுவ, கடைசியில் அந்தச் சந்தில் அன்றாடம் புழங்குகிற மூன்று பேரைப் பிடித்து உறுப்பினராக்கினார்கள். ஒருவர் ஆறுமுகநயினார், பதிவறைக்கு எதிரே தட்டச்சுப் பயிலகம் வைத்திருப்பவர், ஊரில் யாருக்குக் குறை என்றாலும் நீளத்தாளில் மனு அடித்துத் தருகிறவர், குறை இல்லாதவர்களுக்கும் யோசித்து ஒன்று கண்டுபிடித்துத் தருகிறவர். அடுத்தவள் ராஜகனி, பதிவறையின் கிழக்குச் சுவரில் சாய்ப்பு இறக்கி டீக்கடை போட்டிருந்தவள். மூன்றாவது ஜெபமாலை, கீழத்தெருவில் தையல் மிஷின் வைத்திருப்பவள். கீழத்தெருவுக்குக் குழாய் வந்ததேயில்லை. அதனால் விடிந்ததும் பதிவறை முற்றத்துக் குழாயில் குடம் வைக்க வருவாள், குடம் நிறைகிறவரை ராஜகனியின் கடையில் நின்று ஊர்க்கதை பேசுவாள், நிறைந்து வழிந்தபிறகும் பேசுவாள்.

மூன்று பேருக்கும் ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரியும். நயினார் டீயை வாங்கிக் குடித்துக்கொண்டே சந்தைக் கடந்து பயிலகத்துக்குப் போய்விடுவார், கிளாஸ் திரும்பி வராது.

"அண்ணாச்சி, நேத்துக் கொண்டுபோன கிளாஸ் எங்க?" என்பாள் ராஜகனி.

"மிஷின் மேல இருக்கு. சாயங்காலம் தாரேன்."

"போன பொங்கலுக்குக் கொண்டுபோனதும் மிஷின் மேலதான் இருக்கு. இனி அதெல்லாம் உங்க கிளாஸ், வச்சுக்கிடுங்க. நான் தலை முழுகியாச்சு."

"அப்படின்னா ஒண்ணு சொல்லு. என் கிளாஸை நான் எதுக்கு உனக்குத் தரணும்?"

ராஜகனி கடை போட்ட புதிதில், அடுப்புப் புகை தன் மிஷின்களில் படிகிறது என்று கோபப்பட்டு, அந்தக் கடையைத் தடயமில்லாமல் அகற்றும்படி நகராட்சிக்கு மனு அடித்தவரும் இதே நயினார்தான். அனுப்புமுன் சந்தைக் கடந்து வந்து அவளுக்கே வாசித்துக் காட்டினார். வாசித்து முடிக்கத் தொண்டை வறண்டது, அவள் ஒரு டீ கொடுத்தாள், மனுவைத் தபாலில் சேர்த்துவிட்டு இன்னொரு டீ குடிக்க வந்தார், அன்றிலிருந்து வந்துகொண்டே இருக்கிறார். "நான் அடிச்சதுலயே நல்ல மனு அது" என்று இப்போதும் சொல்வார். "ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது."

சாவி கைக்கு வந்த மறுநாள், நகராட்சி ஒருநாளும் செய்யாத வேலையாக, கட்டுகளை அவிழ்த்துத் தூசி தட்டி வேப்பிலை வைத்துத் திரும்பக் கட்டலாம் என்று மூவரும் முடிவெடுத்தார்கள். முதலில் கைக்கு எட்டிய தபால் அட்டைக் கட்டை ஜெபமாலை அவிழ்த்தாள். மறுநாள் விடிந்தபோது ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில், தண்ணீர் தளும்ப, கருங்கல்லில் செதுக்கிய குதிரைத்தொட்டி ஒன்று இருந்தது. அந்தக் காலத்து ஜட்கா வண்டிக்காரர்கள் ஓர் அட்டையில் கேட்டிருந்தார்கள், கிடைத்துவிட்டது. ஆட்டோக்காரர்கள் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள், முகம் கழுவினார்கள், துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள், மத்தியானத்துக்குள் தொட்டியை யார் முறை வைத்துக் கழுவுவது என்று சண்டையும் பிடித்தார்கள். "வந்தது வந்துச்சு, நிழல் பாத்து வந்திருக்கலாம்" என்பது மட்டும்தான் அதைப் பற்றி ஊரில் எழுந்த ஒரே குறை.

அப்புறம் அவிழ்க்க அவிழ்க்க வந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் முடுக்குச் சந்தாக இருந்து இப்போது வீடாகிவிட்ட இடத்தில், பானுமதி டீச்சரின் சமையலறை நடுவே, தெருவிளக்குக் கம்பம் ஒன்று முளைத்து இருட்டியதும் எரிந்தது, டீச்சர் அதில் கரண்டிகளைத் தொங்கவிட்டார், மின்சாரம் போகும் நாட்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் புத்தகத்தோடு அந்தச் சமையலறைக்கு வந்தார்கள். சந்தைப்பேட்டையில் கம்பளிப்பூச்சி கொட்டுகிறது என்று யாரோ வெட்டச் சொன்ன புளியமரம் ஒரு காலையில் வேரின் குழிகூட இல்லாமல் காணாமல் போனது, காகங்கள் கொஞ்ச நாள் அந்தக் காற்றைச் சுற்றிவிட்டு ஈ.பி. ஆபீசுக்குக் குடிபோயின. ஓடைக்கரைத் தெருவில் ஒரு வீட்டுக்கு அவசரமாகக் கேட்ட மருத்துவச்சி, வெள்ளைச் சேலையும் தோல்பையுமாக வந்து கதவைத் தட்டினாள். அவளை எந்தப் பிரசவத்துக்குக் கேட்டார்களோ அதில் பிறந்தவர் இப்போது ஓய்வுபெற்ற கண்டக்டர். அவரை உட்காரவைத்து, கண்ணைப் பிதுக்கி, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, "பிள்ளை நல்லாத்தான் இருக்கு, வெயில்ல விடாதீங்க" என்று அவர் மனைவியிடம் சொல்லிவிட்டுத் தெருமுனை திரும்பிப் போனாள். கண்டக்டர் இன்றுவரை வெயிலில் இறங்குவதில்லை.

ஊர் பழகிக்கொண்டது. வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரம் தோண்டுமுன் பதிவறைக்கு வந்து, இந்த இடத்தில் யாரும் எதுவும் கேட்டிருப்பார்களா என்று விசாரித்தார்கள், யாருக்கும் தெரியாது என்று தெரிந்தும் விசாரித்தார்கள், வீட்டைச் சுற்றி எதற்கும் கொஞ்சம் இடம் விட்டே கட்டினார்கள், அதனால் எங்கள் தெருக்களில் காற்று வந்தது. வார்டு கவுன்சிலர் ஒருவர், தன் பெயரில் ஒரு கல்யாண மண்டபம் கேட்டு மனு எழுதி, கட்டில் வைத்து, கட்டி, உடனே அவிழ்த்துப் பார்த்தார், தும்மல்தான் வந்தது. "மனு ஊறணும் சார்" என்றாள் ராஜகனி. "இன்னிக்குப் போட்ட ஊறுகாய இன்னிக்கே நக்கினா உப்புதான் கரிக்கும்."

கட்டுகள் தீர்ந்துகொண்டே வந்தன. தபால் அட்டை முடிந்தது, அரைத்தாள் முடிந்தது, முத்திரைத்தாளும் முடிந்தது, மேல்தட்டில் இருந்த பெரிய கட்டு மட்டும் பாக்கி. அது நீளத்தாள் கட்டு. ஊரில் நீளத்தாளில் மனு அடித்தவர் ஒரே ஒருவர்தான், ஆகவே அதற்குள் இருப்பவை எல்லாம் நயினாரின் மிஷினில் பிறந்தவை. அதற்குள் கீழத்தெரு தண்ணீர் கேட்டு வருஷம் தவறாமல் கொடுத்த மனுக்கள் இருந்தன. ராஜகனியின் கடையைத் தடயமில்லாமல் அகற்றச் சொன்ன மனுவும் இருந்தது. கட்டை அவிழ்த்தால் இரண்டும் நடக்கும், ஒன்றை மட்டும் உருவி எடுக்க வழியில்லை, முடிச்சு தளர்ந்தாலே போதும்.

இது மூவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை. தண்ணீர் வேண்டியவள் ஜெபமாலை. ஆனால் அவள்தான் ஏணியைப் பின்கட்டில் கொண்டுபோய்ப் போட்டாள், தட்டிய கட்டுகளையே திரும்பத் தட்டினாள், யாராவது மேலே பார்த்தால், "அங்க எறும்பு புடிச்சிருக்கு, இப்ப தொடாதீய" என்றாள். குடத்தை இடுப்பில் ஏற்றும்போது அவள் முதுகு விடுகிற சத்தம் ராஜகனிக்குக் கேட்கும். கேட்காததுபோல் பாலை ஆற்றுவாள்.

நகராட்சிக்கு இதற்குள் பொறுக்க முடியாமல் போய்விட்டது. ஜனங்கள் அலுவலகத்துப் பக்கம் வருவதே நின்றுவிட்டது, வாக்குக் கேட்கப் போன கவுன்சிலர்களிடம், நீங்கள் எதற்கு என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஆணையர் தனியாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஒல்லியான, நல்ல மனுஷர், சீனி கம்மியாகக் குடிப்பவர்.

"ராஜகனியம்மா, அந்த உத்தரவை ரத்து பண்ணலாம்னு இருக்கோம். உங்க மூணு பேர்ல ஒருத்தர் வேண்டாம்னு எழுதிக் கொடுத்தாலே போதும், பதிவறை பழையபடி எங்ககிட்ட வந்துடும்."

"எங்கிட்ட எதுக்கு சார் சொல்லுதீங்க?"

"உங்க கடை மேல ஒரு மனு இருக்காமே. கட்டு எங்ககிட்ட வந்துட்டா உங்களுக்குப் பயமில்லை. நாங்க அவிழ்க்க மாட்டோம். அதுக்கு நான் உத்தரவாதம்."

"அதுக்கு உத்தரவாதம் எதுக்கு சார்? நீங்க அவிழ்க்க மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும்."

ஆணையர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே மடித்த வெள்ளைத்தாள் ஒன்றைப் பெஞ்சில் வைத்து, பறக்காமல் இருக்கக் காலி கிளாஸை அதன்மேல் வைத்துவிட்டுப் போனார்.

ராஜகனி அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரோடு சுவராக நின்ற கடை அது, அவள் முதுகு சாய்கிற இடத்தில் சுவரில் பழுப்பேறிய ஓர் உருவம் பதிந்திருந்தது, அவளுடைய உருவம்தான், அவ்வளவு காலம் சாய்ந்து நின்றிருக்கிறாள். புருஷன் விட்டுப் போனபோது இந்த அடுப்புப் போகவில்லை. காய்ச்சலில் விழுந்தபோதும் யாராவது வந்து பற்றவைத்தார்கள். இது இல்லாத விடியல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள், விடியல் மட்டும் இருந்தது, தான் எங்கே நிற்பாள் என்று தெரியவில்லை. பேனா கல்லாப்பெட்டிக்குள்தான் இருந்தது. எடுத்தாள். மூடியைக் கழற்றினாள்.

அப்போது ஜெபமாலை, அந்த வெயிலில், வழக்கமில்லாத நேரத்தில், இரண்டு குடத்தோடு வந்தாள். மருமகளுக்கு வயிற்றோட்டம், காலையில் பிடித்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. பெஞ்சில் இருந்த தாளைப் பார்த்தாள், ராஜகனியின் கையில் இருந்த பேனாவைப் பார்த்தாள். வரும் வழியில் ஆணையர் திரும்பிப் போவதைக் கண்டிருந்தாள். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, "எழுதணும்னா எழுதுட்டி" என்றாள், முகத்தைத் திருப்பாமல். "எனக்கு இந்தக் குடம் பழகிப்போச்சு. கொண்டுபோகாட்டி இடுப்பு கோவிச்சுக்கிடும்."

ராஜகனி பேனாவை மூடினாள்.

"யக்கா, ஏணி எங்க?"

"எதுக்கு ஏணி?"

"மேல தூசியா இருக்கு."

"அங்க எறும்பு இருக்குன்னு சொன்னேம்லா."

"இருக்கட்டும். எங்கிட்ட சீனி வாடை அடிக்கு, சொந்தக்காரின்னு நெனச்சுக் கடிக்காம விட்டுரும்."

பயிலகத்திலிருந்து நயினார் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ராஜகனி, அவுக்காத! ஒரு நிமிசம் பொறு, நான் வாபஸ் மனு அடிக்கேன்!"

"அது எப்ப ஊறி எப்ப வாபஸ் ஆக, அண்ணாச்சி? உங்க பேரன் பென்சன் வாங்கும்போதா?" ஏணியின் உச்சியிலிருந்து கேட்டாள். "ஒரு அடித்தல் திருத்தல் இல்லாம அடிச்சீங்கள்லா, அனுபவிங்க."

முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். அவிழ்ந்தது. தும்மினாள், தூசி தட்டினாள், வேப்பிலை வைத்துத் திரும்பக் கட்டினாள், கீழே இறங்கி அன்றைய சாயங்கால வியாபாரத்தையும் ஒழுங்காகப் பார்த்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று பித்தளை பாய்லரை மட்டும் ஜெபமாலையின் வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள்.

விடிந்தபோது கீழத்தெருவில் தண்ணீர். வருஷம் தவறாமல் கேட்டிருந்தார்கள் அல்லவா, கேட்ட வருஷத்துக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் குழாய்கள், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, பந்தியில் உட்கார்ந்ததுபோல் வரிசையாக, தெருவில் இருக்கிற குடங்களைவிட அதிகமான குழாய்கள். ஒரு கிழவர் ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டே போனார், கடைசிவரை போய், திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நேரத்தில் போனார்கள், போன பின்பும் சட்டை ஈரமாகவே இருந்தது.

பதிவறையின் கிழக்குச் சுவர் வெறுமனே இருந்தது. சாய்ப்பு இல்லை, பெஞ்ச் இல்லை, அடுப்பின் கரி இல்லை, அவள் முதுகின் உருவம் இல்லை. ஜெபமாலையின் வீட்டில் வைத்த பாய்லரும் இல்லை. நயினார் அடித்த மனு அவ்வளவு நல்ல மனு.

ராஜகனி சுவருக்கு முன்னால் நின்றாள். அழவில்லை, கையை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. அந்த நேரத்துக்கு டீ குடிக்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து, பழக்கத்தில் கையை நீட்டி, நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றார்கள், ஆட்டோக்காரர்கள், மார்க்கெட் பெண்கள், பானுமதி டீச்சர், வெயில் ஏறுமுன் வந்துவிடுகிற கண்டக்டர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெபமாலை இரண்டு குடம் தண்ணீரோடு வந்தாள், இந்தத் தடவை கீழத்தெருவிலிருந்து பதிவறைக்கு.

"என்னக்கா, இங்கிட்டுக் கொண்டு வார?"

"இடுப்பு கோவிச்சுக்கிடும்னு சொன்னேம்லா" என்று இறக்கிவைத்தாள்.

அப்போது சந்தின் எதிர்ப்பக்கம் கலகலவென்று சத்தம் கேட்டது. நயினார் ஒரு பெரிய தாம்பாளத்தைக் கவனமாகப் பிடித்துக்கொண்டு வந்தார். தாம்பாளம் நிறைய டீ கிளாஸ்கள். மிஷின் மேலும் மிஷினுக்கு அடியிலும் ஜன்னலிலும் ரிப்பன் பெட்டிக்குள்ளும் அவர் கொண்டுபோய் வைத்து மறந்த அத்தனை கிளாஸும். கடையோடு சேர்ந்த எல்லாம் போயிருந்தது, இவை போகவில்லை. தலை முழுகி அவருக்கே விட்டுக்கொடுத்தவை ஆயிற்றே.

"திருப்பித் தந்தாச்சு" என்றார். "இனி கிளாஸ் கிளாஸ்னு கேக்கக் கூடாது."

ராஜகனி தாம்பாளத்தைப் பார்த்தாள். "ஒண்ணைக்கூடக் கழுவல" என்றாள். சொல்லும்போதுதான் கண் கலங்கியது.

ஜெபமாலை சுவரைத் தட்டிப் பார்த்தாள். "அண்ணாச்சி, இந்தக் கிழக்குச் சுவர் இப்ப யாருது?"

"பதிவறையோடது."

"பதிவறை யாருது?"

"அறக்கட்டளையோடது."

"அறக்கட்டளை யாரு?"

நயினார் தாம்பாளத்தைக் கீழே இறக்கிவைத்தார். யாருக்கும் எழுத வேண்டாம், யாரும் பார்வையிட வேண்டாம், எந்தக் கட்டிலும் ஊற வேண்டாம் என்பது அவருடைய வாழ்நாளில் அன்றுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "நாமதான்" என்றார், மெதுவாக, புதிதாகக் கற்ற வார்த்தையைச் சொல்வதுபோல். மூன்று உறுப்பினர்களும் நின்றபடியே கூட்டம் போட்டார்கள், தீர்மானத்தை யாரும் எழுதவில்லை. ஆட்டோக்காரர்கள் குதிரைத்தொட்டிப் பக்கம் கிடந்த செங்கலைத் தூக்கிவந்தார்கள், கீழத்தெருக்காரர்கள் கம்பும் தென்னங்கிடுகும் கொண்டுவந்தார்கள், டீச்சர் விளக்குக் கம்பத்தில் தொங்கிய கரண்டிகளில் பெரியதையும் வீட்டுக் குண்டானையும் எடுத்துவந்தார். முதல் டீ கொஞ்சம் புகைந்துபோயிருந்தது. யாரும் சொல்லவில்லை, நயினார் மட்டும் சொன்னார்.

வெள்ளைத்தாளைத் திருப்பி வாங்க ஆணையர் வரவில்லை, அதுவும் கடையோடு போய்விட்டிருந்தது. வேறொரு நாள் டீ குடிக்க வந்தார். சீனி கம்மியாக.

ஆனால் நயினாருக்கு விரல் சும்மா இருக்காது. கடை திரும்ப எழுந்த அன்று சாயங்காலமே, தான் முன்பு அடித்த மனுவுக்கு மாற்றாக, மேற்படி இடத்தில் ஓட்டுக்கூரையும் பித்தளை பாய்லரும் நல்ல பெஞ்சும் கொண்ட டீக்கடை ஒன்று அமைத்துத் தர வேண்டும் என்று நீளத்தாளில் அடித்து, கையெழுத்துக்கு ஊரையே வரிசையில் நிறுத்தி, மேல்தட்டுக் கட்டில் வைத்துக் கட்டிவிட்டார். "எதுக்கு அண்ணாச்சி, கடைதான் வந்துட்டே" என்றால் கேட்கவில்லை. ஆகவே இன்னொரு கடை வரப்போகிறது. எப்போது வரும் என்று தெரியாது, எங்களில் பலர் அப்போது இருக்க மாட்டோம், ஆனாலும் வருகிற கடைக்கு இடம் வேண்டுமே என்று ராஜகனியின் சாய்ப்பை ஒட்டி ஒரு கடையளவு இடத்தை விட்டுவைத்திருக்கிறோம். கூட்டம் நெருக்கியடிக்கிற சந்தை நாளில்கூட அதைச் சுற்றித்தான் போகிறோம். காலையில் வாசல் தெளிக்கும்போது ராஜகனி அங்கும் தெளித்து, சின்னதாக ஒரு கோலம் இழுத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.

போன வாரம் வெளியூர்க்காரர் ஒருவர் தெரியாமல் அங்கே பைக்கை நிறுத்திவிட்டு டீ கேட்டார்.

"தம்பி, வண்டியக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க" என்றாள் ராஜகனி. "அது பக்கத்துக் கடை."

அவர் திரும்பிக் காலி இடத்தைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார். "கடை எங்கம்மா இருக்கு?"

"வரும்" என்றாள், டீயை உயர ஆற்றிக்கொண்டே. "மனு போட்டிருக்கு."

அவர் எழுந்து போய் வண்டியைத் தள்ளி நிறுத்தினார்.